டீக்கடை மாஸ்டரும் கிட் மாஸ்டரும்

சென்ற இதழின் கேள்வி–பதில் பகுதியில் நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருளைப் பற்றி எழுதியபோது, அந்த நிரல் இருக்கும் களஞ்சியத்தின் முதன்மைக் கிளைக்கு முன்பு ‘மாஸ்டர்’ என்று பெயர், இப்போது ‘மெயின்’ என்று பெயர், காரணத்தை இன்னொரு நாள் பார்ப்போம் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மற்ற பதில்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவை அதிகம். அவற்றில் பாதி கோபக் கடிதங்கள். எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், தையல் மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர் என்று தொழில் தெரிந்தவர்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. அதில் யாருக்கு என்ன புண்பட்டது? அமெரிக்கர்களின் குற்ற உணர்ச்சிக்கு நாம் ஏன் விரல்களின் பழக்கத்தை மாற்ற வேண்டும்? — ஈரோடு வாசகர்

பதில்: டீ மாஸ்டரை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கணினி உலகில் இரண்டு மாஸ்டர்கள் இருந்தார்கள், அவர்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாமவர் ஜோடியோடு வருபவர். 1990களின் இறுதியில் சென்னை ரிச்சி தெருவில் ஹார்டு டிஸ்க் வாங்கி, ஒரே கேபிளில் இரண்டை இணைத்தவர்களுக்கு நினைவிருக்கும். டிஸ்க்கின் பின்புறத்தில் சிறிய ஊசிகள் வரிசையாக நிற்கும். அந்த ஊசிகளை இணைக்கும், அரிசியளவே இருக்கும் ஜம்பரைச் சிமிட்டாவால் பிடுங்கி, மேலே ஒட்டியுள்ள படத்தைப் பார்த்து, ஒரு டிஸ்க்கை ‘மாஸ்டர்’ ஆகவும் மற்றதை ‘ஸ்லேவ்’ ஆகவும் அமைக்க வேண்டும். இரண்டையும் தவறுதலாக மாஸ்டர் ஆக்கிவிட்டுக் கணினி ஏன் டிஸ்க்கைக் காட்டவில்லை என்று தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன். ஸ்லேவ் என்றால் அடிமை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அந்தப் பொருளை நினைத்துக்கொண்டு எவரும் ஜம்பரைச் செருகவில்லை. தரவுத்தளங்களிலும் இதே இணைதான் வழங்கியது: எழுதுவதை ஏற்கும் சர்வர் மாஸ்டர், அதை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளும் சர்வர் ஸ்லேவ்.

1865 வரை மனிதரை மனிதர் விற்று வாங்குவது பல மாநிலங்களில் சட்டப்படி செல்லுபடியாக இருந்த ஒரு நாட்டில், அப்படி விற்கப்பட்டவர்களின் வழிவந்த ஒரு பொறியாளர் நாள்தோறும் இந்த இணையைத் தட்டச்சு செய்கிறார் என்பதுதான் விவாதத்தின் தொடக்கப்புள்ளி. 2003ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி நிர்வாகம், தனக்குக் கருவிகள் விற்கும் நிறுவனங்களிடம் இந்த முத்திரைகளைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டபோது ஊரே சிரித்தது. 2014இல் வலைத்தளங்களைக் கட்ட உதவும் ட்ருபல், ஜாங்கோ ஆகிய மென்பொருள் திட்டங்கள் இந்த இணையைத் தவிர்த்தபோது சிரிப்புக் குறைந்து சண்டை வந்தது. 2018இல் ரெடிஸ் தரவுத்தளமும் பைத்தான் நிரல்மொழியும் பின்தொடர்ந்தன. பைத்தானில் வாக்குவாதம் நீண்டு, மொழியை உருவாக்கிய கீடோ வான் ரோசம் தலையிட்டு முடித்துவைக்க வேண்டியதாயிற்று.

இரண்டாமவர் தனியாக நிற்கும் மாஸ்டர். கிட்டில் ‘ஸ்லேவ்’ என்று எந்தக் கிளையும் இல்லை. 2005இல் அந்தப் பெயரைத் தேர்ந்தவரான செக் நாட்டு நிரலாளர் பெட்ர் பௌடிஷ், ஒலிப்பதிவின் மூலப்பிரதி என்ற பொருளிலேயே அதை வைத்ததாகவும், வேறு பெயர் வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுவதாகவும் பின்னாளில் கூறினார். கிட்டுக்கு முன்பு லினக்ஸ் இயங்குதளக் குழுவினர் பயன்படுத்திய, அதே வகை மென்பொருளான பிட்கீப்பரின் ஆவணங்களில் மாஸ்டர்–ஸ்லேவ் இணை இருந்ததைச் சிலர் எதிர்வாதமாக எடுத்துக்காட்டினார்கள். 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த அலையில், கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்க இடம் தரும் கிட்ஹப் தளம் பெயரை மாற்றப்போவதாக அறிவித்து, அக்டோபர் 1 முதல் புதிய களஞ்சியங்களின் முதன்மைக் கிளைக்கு ‘மெயின்’ என்று பெயரிட்டது. தனி மாஸ்டர் மீதான வழக்கு பலவீனமானது என்றே நான் கருதுகிறேன். ஜோடி மாஸ்டர் மீதானது பலமானது.

அமெரிக்கர்களின் குற்ற உணர்ச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை ‘அடியேன்’ என்று முடித்த மரபும், அடிமை என்ற சொல்லையே பக்தியின் உச்சமாகப் பாடிய மரபும் நமக்கு உண்டு. ஆள் விற்ற ஓலைகளும் உண்டு என்பதை மறந்துவிட்டோம். ஆகவே ‘ஸ்லேவ்’ என்ற ஆங்கிலச் சொல் நம் காதில் வெறும் ஒலியாக விழுகிறது. இப்போது திருப்பிப் பாருங்கள். ‘பறையர்’ என்ற நம் சாதிப்பெயர் ஆங்கிலத்துக்குப் போய், ‘ஒதுக்கித் தள்ளப்பட்டவர்’ என்ற பொதுச்சொல்லாக அகராதியில் உட்கார்ந்திருக்கிறது. உலகச் செய்தித்தாள்கள் ஒரு நாட்டை வசைபாட அதைத் தலைப்பிலேயே போடுகின்றன. எழுதுகிறவருக்குப் பறையும் தெரியாது, சேரியும் தெரியாது, கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதைப் படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அந்த நல்லெண்ணத்தால் என்ன பயன்? அந்தச் சொல்லை விடுங்கள் என்று நாம் கேட்கும்போது, “எங்கள் ஊரில் அதற்கு அப்படிப் பொருள் இல்லை” என்று ஒரு லண்டன்காரர் சொன்னால், அது உங்கள் டீ மாஸ்டர் வாதமேதான்.

கேள்வி: மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பதிப்பை உயர்த்திய அன்று இரவே எங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் படுத்துவிட்டது. பல ஆண்டுகளாகத் தட்டிய ‘ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்’ கட்டளை இப்போது பிழை என்கிறது. யாரோ மனம் குளிர்வதற்கு நான் இரவில் விழித்திருக்க வேண்டுமா? — தரவுத்தள நிர்வாகி, சென்னை

பதில்: நீங்கள் 8.4 பதிப்புக்குப் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2020 ஜூலையில் இந்த மாற்றத்தை அறிவித்த மைஎஸ்கியூஎல் குழு, அவ்வாண்டு இறுதியில் வந்த 8.0.22 பதிப்பிலேயே ‘ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்’ என்ற புதிய கட்டளையைத் தந்து, பழையதையும் எச்சரிக்கையோடு ஓடவிட்டது. பழைய கட்டளை முற்றிலும் நீக்கப்பட்டது 2024இல் வந்த 8.4இல்தான். இடையில் மூன்றாண்டுக்கு மேல் இரண்டும் வேலை செய்தன. அந்த எச்சரிக்கையை ஸ்கிரிப்ட் எங்கோ ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருந்திருக்கும். நீங்களும் நானும் அதைத் திறந்து பார்க்கிற ஜாதி அல்ல. கட்டளையை மட்டும் மாற்றினால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: நகல் எத்தனை நொடி பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் நெடுவரிசையின் பெயரும் ‘செகண்ட்ஸ் பிஹைண்ட் மாஸ்டர்’ என்பதிலிருந்து ‘செகண்ட்ஸ் பிஹைண்ட் சோர்ஸ்’ என்று மாறிவிட்டது. ஸ்கிரிப்ட் பழைய பெயரைத் தேடினால் வெற்றிடம் கிடைக்கும். அதைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு, எல்லாம் நலம் என்று பச்சை விளக்குக் காட்டும் அபாயம் உண்டு.

உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. “ஒரு சொல்தானே, மாற்றினால் என்ன குறைந்துவிடும்?” என்று கேட்பவர்களில் பலர் இரவுப்பணி பார்த்ததில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், புதிய களஞ்சியத்தில் ‘மெயின்’ கிளை வந்ததும், ‘மாஸ்டர்’ என்ற பெயரை மட்டுமே அறிந்த வெளியீட்டு ஸ்கிரிப்ட், கிளையைக் காணாமல் பிழையும் சொல்லாமல் சும்மா நின்றுவிட்டது. கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. திருத்தம் என்னவோ ஒரு வரிதான்.

ஆகவே, மாற்றலாமா கூடாதா என்பதைக் காட்டிலும், எப்படி மாற்றுகிறார்கள் என்பதைத்தான் நான் கவனிப்பேன். ரெடிஸை உருவாக்கிய சால்வடோரே சான்ஃபிலிப்போ இந்த மாற்றத்தில் முழு உடன்பாடு இல்லாதவர். ஆயினும் 2018இல் ரெடிஸ் 5 வெளியானபோது ‘ரெப்ளிகா ஆஃப்’ என்ற புதிய கட்டளையைச் சேர்த்து, ‘ஸ்லேவ் ஆஃப்’ என்ற பழையதையும் மாற்றுப்பெயராக வைத்துக்கொண்டார். எவருடைய ஸ்கிரிப்ட்டும் அன்றிரவு சாகவில்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை எழுதும் குழு 2020 ஜூலையில் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதலும் அப்படியே: புதிதாக எழுதும் நிரலில் அந்தச் சொற்களைத் தவிருங்கள், ஆனால் பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் இடைமுகங்களிலும், ஏற்கெனவே உள்ள வன்பொருள் அல்லது நெறிமுறையின் வரையறை அச்சொல்லைக் கட்டாயமாக்கும் இடங்களிலும் கைவைக்க வேண்டாம். பழையதை இடிக்காமல் புதியதை ஒழுங்குபடுத்தும் இந்த அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: ‘பிளாக்லிஸ்ட்’ என்ற சொல்லுக்கும் இனத்துக்கும் தொடர்பே இல்லையே? — மாணவர், நாகர்கோவில்

பதில்: பிறப்பில் இல்லை. அச்சொல் இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்குகிறது. கறுப்பு என்றால் விலக்கு, வெள்ளை என்றால் அனுமதி என்ற கணக்கு சிலரை உறுத்துகிறது என்பது எதிர்த்தரப்பு. எனக்கு இதில் வேறொரு காரணம் போதும்: ‘அலவ்லிஸ்ட்’ (அனுமதிப் பட்டியல்), ‘டினைலிஸ்ட்’ (மறுப்புப் பட்டியல்) என்றால் முதல் நாள் வேலைக்கு வந்தவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கேள்வி: மென்பொருளின் பெயரே ஆபாசமாகவோ இழிவாகவோ ஒலித்தால் என்ன செய்கிறார்கள்? — ஆசிரியை, திருச்சி

பதில்: மூன்று பெயர்களின் கதையைச் சொல்கிறேன், மூன்றுக்கும் முடிவு வேறு.

கணிதத் தேற்றங்களைச் சரிபார்க்கும் பிரெஞ்சு மென்பொருளுக்கு ‘காக்’ என்று பெயர். பிரெஞ்சில் அது சேவல்; ஆய்வுக் கருவிகளுக்கு விலங்குகளின் பெயரை வைக்கும் அவர்கள் ஊர் வழக்கமும், தியரி கோகாண்ட் என்ற அறிஞரின் பெயரும் அதில் சேர்ந்திருந்தன. ஆங்கிலம் பேசும் அவையில் அதை உச்சரித்தால் ஆண்குறியைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகிவிடும். “நான் இதில் ஆய்வு செய்கிறேன்” என்று ஒரு பெண் ஆய்வாளர் அறிமுகம் செய்துகொண்டால் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடும். வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அந்தச் சிரிப்பைக் கடக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பின், அந்த மென்பொருள் வளர்ந்த ரோகன்கூர் என்ற ஊரின் நினைவாக ‘ராக்’ என்ற பெயரை 2023இல் தேர்ந்தார்கள், 2025இல் 9.0 பதிப்பு அப்பெயரோடு வெளிவந்தது. கூச்சல் இல்லாமல் நடந்த நல்ல மாற்றம்.

வலையமைப்பைக் கண்காணிக்கும் ‘ப்ரோ’ 1990களில் பிறந்தபோது, எல்லாரையும் உளவு பார்க்கும் ‘பிக் பிரதர்’ பற்றிய எச்சரிக்கையாகவே அப்பெயரைப் பெற்றது. பிறகு ‘ப்ரோ’ என்பது ஆண்களின் அரட்டைப் பண்பாட்டுக்குப் பெயராகிவிட, 2018இல் ‘ஸீக்’ ஆனது.

படம் திருத்தும் ‘கிம்ப்’ மட்டும் மாறவில்லை. அச்சொல் ஆங்கிலத்தில் கால் ஊனமுற்றோரைக் குறிக்கும் வசை. பெயரை மாற்ற மறுத்ததால் சிலர் 2019இல் ‘கிளிம்ப்ஸ்’ என்று பிரிந்துபோனார்கள். ஆள் பற்றாக்குறையால் 2021இல் அது நின்றுபோயிற்று. பெயரைப் புதிதாக வைப்பது எளிது, பழைய மென்பொருளின் லட்சக்கணக்கான வரிகளைச் சுமப்பது கடினம் என்பதை அந்தப் பிரிந்தவர்கள் நன்றாகவே உணர்ந்திருப்பார்கள்.

கேள்வி: லினஸ் டோர்வால்ட்ஸ் திட்டித் திட்டித்தான் லினக்ஸை இவ்வளவு தரமாக வளர்த்தார் என்கிறார்கள். குரு திட்டாமல் சீடன் தேறுவானா? — பொறியாளர், ஓசூர்

பதில்: தவறான நிரலை ஏற்க மறுப்பது வேறு, எழுதியவரை முட்டாள் என்று உலகமே படிக்கும் மடலில் எழுதுவது வேறு. முன்னதால்தான் லினக்ஸ் தரமாக இருக்கிறது. 2013இல் கெர்னல் நிரலாளர் ஒருவர், இப்படிப்பட்ட வசைமொழியை நிறுத்துங்கள் என்று லினஸிடம் வெளிப்படையாகவே கேட்டார், பலனில்லை. 2015இல் அவர் விலகிவிட்டதாக அறிவித்தார். அதே ஆண்டு கெர்னல் குழு ‘மோதல் நெறி’ என்ற பெயரில் ஒரு சிறு குறிப்பை ஏற்றிருந்தது. நடத்தை நெறி என்று வைக்காமல் மோதல் நெறி என்று வைத்ததிலேயே அவர்களுடைய மனநிலை தெரிகிறது.

2018 செப்டம்பர் 16 அன்று 4.19 பதிப்பின் முன்னோட்டத்தை வெளியிட்ட அதே மடலில் லினஸ் மன்னிப்புக் கேட்டார். தன் மடல்களில் செய்த தாக்குதல்கள் தொழில்முறைக்கு ஒவ்வாதவை, தேவையற்றவை என்று ஒப்புக்கொண்டு, பிறர் உணர்ச்சிகளைப் புரிந்துகொள்ள உதவி நாடப்போவதாகச் சொல்லி விலகி நின்றார், அக்டோபரில் திரும்பினார். மன்னிப்புக் கேட்ட அன்றே மோதல் நெறி போய், ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற பொது நடத்தை நெறி வந்தது. லினக்ஸ் இனி அழிந்துவிடும் என்று அன்று சாபமிட்டவர்களின் கைப்பேசியில் இன்றும் அந்தக் கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கலாம். நெறி வெறும் காகிதமாகவும் இருந்துவிடவில்லை. 2024 நவம்பரில், பிகேஷ்எஃப்எஸ் கோப்பு முறையைப் பராமரித்தவர் சக நிரலாளரை வசைபாடியதற்காக, 6.13 பதிப்புக்கான அவருடைய நிரல்கள் ஏற்கப்படவில்லை.

எதிர்த்திசையிலும் அளவு மீறுவது உண்டு. 2013இல் லிப்யுவி என்ற நிரல் நூலகத்தின் விளக்கக் குறிப்பில் பயனரை ‘அவன்’ என்று சுட்டியிருந்ததை, ஆண்–பெண் இருவருக்கும் பொதுவான சொல்லாக ஒருவர் மாற்றி அனுப்பினார். மிகச் சிறிய மாற்றம் என்று சொல்லிப் பராமரிப்பாளர் அதை மறுத்தார். அவருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. அத்திட்டத்தை ஆதரித்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இவர் எங்கள் ஊழியராக இருந்திருந்தால் வேலைநீக்கம் செய்திருப்போம் என்று பொதுவில் எழுதிவிட்டார். பராமரிப்பாளர் விலகினார். மாற்றத்தை ஏற்றிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு தனி மடலில் விளக்கியிருந்தால் அவரும் ஏற்றிருக்கக்கூடும் என்பதும் என் கருத்து. ‘அவர்’ என்ற சொல்லைக் கையில் வைத்திருக்கும் நமக்கு இந்தச் சண்டை வராது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

கேள்வி: நெறியை அமல்படுத்துகிறவர்கள் தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது? — வழக்கறிஞர், மதுரை

பதில்: இதுதான் சொல் தகராறுகளைவிடக் கடினமான பிரச்சினை. கட்டளைக்கு மாற்றுப்பெயர் வைத்துச் சமாளிக்கலாம். அதிகாரத்துக்கு அப்படி வைக்க முடியாது.

ரஸ்ட் நிரல்மொழியின் சமூகம் தொடக்கம் முதலே நடத்தை நெறிக்குப் பெயர்பெற்றது. 2021 நவம்பரில் அதன் ஒழுங்குக் குழுவினர் மொத்தமாகப் பதவி விலகினார்கள். தலைமைக் குழு எவருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத நிலையில் இருக்கிறது, நெறியை அவர்கள்மீது செலுத்த எங்களால் இயலவில்லை என்பதே அவர்கள் தந்த காரணம். அதன்பின் நிர்வாக அமைப்பையே மாற்றி, 2023இல் தலைமை மன்றம் ஒன்றை உருவாக்கினார்கள்.

பைத்தானில் வேறு விதமான சிக்கல். 2024 ஆகஸ்டில் ஒரு மூத்த நிரலாளரை மூன்று மாதம் இடைநீக்கம் செய்வதாக வழிநடத்து மன்றம் அறிவித்தது, பெயர் சொல்லவில்லை. அவர் டிம் பீட்டர்ஸ் என்பது உடனே தெரிந்துவிட்டது. பைத்தானும் ஜாவாவும் பட்டியலை வரிசைப்படுத்தக் கையாளும் ‘டிம்சார்ட்’ அவர் பெயரால் அமைந்தது. அமைப்பின் விதிகளை மாற்றும் விவாதத்தில் அவர் அளவுக்கு மீறி எழுதினார், புண்படுத்தும் சொற்களைக் கையாண்டார் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள் பட்டியலிடப்பட்டன. ஆனால் ஒவ்வொன்றும் எந்த மடலைக் குறிக்கிறது என்று அந்த அறிவிப்பில் காட்டப்படவில்லை. குற்றம் உண்டா இல்லையா என்பதைவிட, இது பலரை உறுத்தியது. வழக்கறிஞரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: குற்றப்பத்திரிகையில் இடமும் நாளும் இல்லாவிட்டால் எதிர்வாதம் எப்படிச் செய்வது? புகார் கொடுத்தவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பொதுவில் எழுதப்பட்ட மடலைப் பொதுவிலேயே சுட்டிக்காட்டுவதில் எந்த இரகசியமும் உடைந்துவிடாது.

இடையே ஒரு வேடிக்கை. நடத்தை நெறி இருக்கிறதா என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், எஸ்கியூலைட் தரவுத்தள மென்பொருளின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹிப், 6ஆம் நூற்றாண்டுத் துறவியான புனித பெனடிக்டின் 72 விதிகளை எடுத்து இணையத்தில் வைத்துவிட்டார். கொலை செய்யாதே, நோயாளியைப் போய்ப் பார், இறந்தவரை அடக்கம் செய், முணுமுணுக்காதே என்றெல்லாம் போகும். 2018இல் அது கவனத்துக்கு வந்து பெரிய கலகமாயிற்று. அதற்கு ‘அறநெறி’ என்று பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. தரவுத்தளம் எழுதுகிறவர்களுக்கு முணுமுணுக்காதே என்ற விதியைக் காப்பது மிகவும் கடினம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நான் கல்லூரியிலிருந்தே ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குப் பங்களித்து வருகிறேன். குழு உரையாடலில் இந்தியப் பங்களிப்பாளர் ஒருவர் என் ஊரையும் பெயரையும் வைத்துச் சாதியைக் கிண்டுகிறார். வெளிநாட்டு நிர்வாகிகளுக்கு அது புரிவதே இல்லை. புகார் கொடுக்க வழி உண்டா? — மாணவி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உண்டு. முதலில் உங்கள் திட்டத்தின் களஞ்சியத்தில் நடத்தை நெறிக் கோப்பைத் திறந்து, அது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பல திட்டங்கள் கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்டையே எடுத்தாள்கின்றன. அதன் 2.1 பதிப்பில், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களின் வரிசையில், இனம், நிறம், மதம் ஆகியவற்றோடு ‘சாதி’ என்ற சொல்லும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. லினக்ஸ் உள்ளிட்ட சில திட்டங்கள் இன்னும் பயன்படுத்தும் 1.4 பதிப்பில் அச்சொல் இல்லை. ஆயினும் இனக்குழு, சமூகப் பொருளாதார நிலை என்ற சொற்களும், எல்லாருக்கும் தொல்லையற்ற சூழல் என்ற உறுதியும் அதில் உள்ளன. உங்கள் திட்டம் பழைய பதிப்பில் இருந்தால், 2.1க்கு உயர்த்தும்படி ஒரு மாற்றத்தை நீங்களோ உங்கள் நண்பரோ அனுப்பலாம். ஒரு சொல்லைச் சேர்ப்பதால் எவருடைய ஸ்கிரிப்ட்டும் உடையாது.

“எந்த ஊர், எந்தத் தெரு?” என்ற கேள்வி ஒரு ஜெர்மானியருக்கோ பிரேசில்காரருக்கோ குசலம் விசாரிப்பதாகத்தான் படும். அதை விளக்குகிற சுமை உங்கள் தலையில் விழுவது அநியாயம்தான். இருந்தாலும் மூன்று நான்கு வரிகளில் விளக்கிவிடுங்கள். எங்கள் ஊரில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதற்கான வழி என்று எழுதினால் போதும். அவர் எழுதியவற்றை நாளோடும் நேரத்தோடும் படமெடுத்து வையுங்கள்; பிறகு அவர் அழித்துவிடலாம். குழுவில் பதிலுக்குச் சண்டையிடாமல், கோப்பின் அடியில் தரப்பட்டுள்ள முகவரிக்கு எழுதுங்கள்; அந்த முகவரி அவருடைய நெருங்கிய நண்பரிடம் போகிறது என்று தெரிந்தால், நெறிக்குழுவின் வேறோர் உறுப்பினருக்கு எழுதுங்கள். எந்தத் திட்டம், எந்த நாள், எந்த உரையாடல் என்பதை முதல் பத்தியிலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள். உங்கள் சாதி என்ன என்பதை அந்தப் புகாரில் நீங்கள் எழுத வேண்டியதில்லை. எவராவது கேட்டால், அதையும் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள்.